எண்ணத் தொடங்க முதல் நாள் எங்கே?

கேள்வி: எனக்கு சிசேரியனில் முதல் குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகிறது. தாய்ப்பால் கொடுக்கிறேன், மாதவிலக்கு இன்னும் திரும்பவில்லை. கோயிலில் நடந்த திருமணத் தயாரிப்பு வகுப்பில், கரு தங்காமலிருக்க, 'விலக்கு வந்த நாளிலிருந்து எண்ணி, எட்டாம் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள்வரை தாம்பத்திய உறவிலிருந்து விலகியிருங்கள்' என்றதோடு சரி. இப்போது எந்த நாளிலிருந்து எண்ணுவது? பங்குத்தந்தையிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: எண்ணவே முடியாதும்மா. முதல் நாள் இருந்தால்தானே எட்டாம் நாள்? அந்தக் கணக்கு 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக விலக்கு வருகிறவர்களுக்கு மட்டும். வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

'பால் கொடுத்தால் கரு தங்காது' என்பதும் பாதி உண்மைதான். அதற்கு மூன்றும் சேர்ந்து வேணும்: குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்கணும், தாய்ப்பால் மட்டுமே குடிக்கணும், விலக்கு வராமல் இருக்கணும். உங்கள் பிள்ளை ஆறு மாதம் தாண்டிவிட்டது, கூழும் ஊட்டுவீர்கள். முதல் விலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவரலாம்.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது, மெல்போர்னில் டாக்டர் ஜான் பில்லிங்ஸ் 1950களில் ஆராயத் தொடங்கிய முறை. கர்ப்பப்பை வாயின் கசிவைக் கவனிக்க வேண்டும். உலர்வா, பிசுபிசுப்பா, முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுவென்று இழுபடுகிறதா என்று தினமும் இரவில் ஒரு வரி எழுதணும். உலக சுகாதார நிறுவனம் இதை ஐந்து நாடுகளில் சோதித்தது. பெங்களூருவும் ஒரு மையம். பெரும்பாலான பெண்களுக்குக் கரு தங்கக்கூடிய நாளின் அடையாளம் பிடிபட்டது. ஆனாலும் வருடத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய இருபது பேர் கர்ப்பமானார்கள். பெரும்பாலும் விலக வேண்டிய நாள் தெரிந்தும் விலகாததால்! அதனால் நோட்டை உங்கள் கணவர் எழுதட்டும்.

1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சுற்றுமடல் எழுதியதிலிருந்து 'செயற்கைக் கருத்தடை முறை கூடாது' என்பதை எல்லா வகுப்பிலும் சொல்கிறோம். 'எப்படி' என்பதற்கு அரைமணி நேரம். என் காலத்தில் சிஸ்டர் கரும்பலகையில் மாதவிலக்குச் சுழற்சியை வட்டமாகப் போடும்போது மாப்பிள்ளைகளை டீ குடிக்க அனுப்பிவிட்டார்கள்! இது உட்கார்ந்து கேட்டு வருகிற பாடமல்ல. தெரிந்த ஒருவர் மாதாமாதம் உங்கள் நோட்டைப் பார்த்துத் திருத்த வேண்டும்.

முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். சிசேரியன் என்பதால் அடுத்த கருவுக்குக் குறைந்தது இரண்டு வருட இடைவெளி நல்லது. முறை கைவரும்வரை என்ன செய்வதென்று அவரிடமும் கணவரிடமும் பேசி முடிவெடுங்கள். பங்குத்தந்தையிடம் விவரமெல்லாம் சொல்ல வேண்டாம். 'ஃபாதர், மறைமாவட்டத்தில் இதைச் சொல்லித்தருவது யார்?' என்று ஃபோன் நம்பர் மட்டும் வாங்குங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால், அவரும் விசாரிக்கட்டும்.