அலுவலகக் கணினியில் திறந்திருந்த புலனம்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் ஓர் அரசாங்க இலாகாவில் கிராணியாக இருக்கிறேன். எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்திருந்த நாளில் மேலதிகாரி என் அலுவலகக் கணினியைத் திறந்திருக்கிறார். அதில் என் புலனம் (வாட்ஸ்அப்) மூடப்படாமல் இருந்தது. அவரைப் பற்றி அக்காவிடம் புலம்பியதைப் படமெடுத்து, 'துஞ்சோக் செபாப்' (காரணம் கேட்கும்) கடிதத்தோடு இணைத்துக் கொடுத்துவிட்டார். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம் என்கிறார் தோட்ட ஆபீசில் வேலை செய்யும் என் கணவர். போடலாமா?

பதில்: அந்தச் சட்டம் உங்கள் கணவருக்கு உதவலாம், உங்களுக்கு உதவாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்று அதன் 3ஆவது பிரிவே சொல்கிறது. நம் விவரங்களை மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர்களுக்கே விலக்கு, என்னத்தைச் சொல்ல!

ஆனால் உங்கள் கணவருக்கு இல்லாத ஒரு பிடி உங்களுக்கு உண்டு. அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. இத்தகைய அடிப்படை உரிமைகளைத் தனியார் முதலாளியிடம் கோர முடியாது என்பது 2005இல் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் முடிவானது. உங்கள் முதலாளியோ அரசாங்கம்.

இலாகாவின் மின்னஞ்சலைப் படித்திருந்தால் உங்கள் வாதம் நிற்பது கடினம். புலனம் உங்கள் சொந்தக் கணக்கு என்பதால் நிலைமை கொஞ்சம் மேல். 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் போலீஸ் புகார் செய்யலாம்தான். 'கணினி எங்களுடையது, புலனத்தைத் திறந்து வைத்தது அவர்' என்பார்கள் இலாகாவினர்; அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இன்னொன்று, முறைகேடாக எடுத்த ஆதாரம் என்பதற்காகவே நம் நீதிமன்றங்கள் அதை ஒதுக்கிவிடுவதில்லை.

அதனால் முதலில் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள். 1993ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை, ஒழுங்கு விதிகள் தரும் அவகாசம் 21 நாள்தான். எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பொது அறிக்கை விடுவதைத் தடுக்கும் 19ஆவது விதி என்றால், அக்காவிடம் தனியாகச் சொன்னது எப்படிப் பொது அறிக்கையாகும் என்று கேளுங்கள். படங்களின் முழு நகலையும், கணினியைத் திறக்க யார் அனுமதித்தார் என்ற விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். வேலைநீக்கம் அல்லது பதவியிறக்கம் வரை போனால், அரசியலமைப்பின் 135(2) பிரிவுப்படி உங்கள் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு தந்தே ஆகவேண்டும்.

கோபத்தில் எதையும் எழுதி அனுப்பாதீர்கள். தொழிற்சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ பதிலைக் காட்டிவிட்டுக் கொடுங்கள். அப்புறம், அக்காவுடன் பேசிய செய்திகளில் ஒன்றைக்கூட அழித்துவிடாதீர்கள். அவர்கள் வெட்டி எடுத்த வரிக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பதைக் காட்ட உங்களிடம் இருப்பது அது மட்டும்தான்.