நகைய அடகு வைக்காதீங்க அண்ணே, பாப்பா அப்ளை பண்ணட்டும்

அண்ணே, நேத்து ராத்திரி நீங்க அனுப்புன மூணு வாய்ஸ் மெசேஜும் கேட்டேன், பின்னாடி மதினி அழுவுற சத்தமும் கேட்டுச்சு. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், பாப்பா தப்பா எதுவும் கேக்கல. பி.ஏ எகனாமிக்ஸ் ரெண்டாம் வருஷம் படிக்கிற புள்ள, டெல்லில இருக்குற ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு சிவகாசில வீட்டுல இருந்தே எட்டு வாரம் வேலை பாக்குற இன்டர்ன்ஷிப் இருக்கு, அப்ளை பண்ணட்டுமான்னு கேட்டிருக்கு, அவ்வளவுதான். அதுக்குத்தான் உங்க வீட்டுல இவ்வளவு பெரிய பஞ்சாயத்து. பாலிசி ரிசர்ச்னு, அதாவது அரசோட கொள்கை, சட்டம் பத்தின ஆராய்ச்சின்னு சொன்னதும் உங்க பெரியண்ணன் அது எல்ஐசி பாலிசி பிடிக்கிற வேலைன்னு நெனச்சுக்கிட்டு "பொம்பளப் புள்ளைய வீடு வீடா ஏறி இறங்க விடப்போறியா"ன்னு கேட்டாராம். அவர் மேல குத்தம் இல்ல, நம்ம ஊர்ல பாலிசின்னா அதானே.

சரி, ஆறுதல் சொன்னது போதும். உங்க மச்சினர் சொல்ற டெல்லி ஐஏஎஸ் கோச்சிங் பத்தி பேசுவோம். ஃபீஸ் ரெண்டு லட்சம், ரூம் சாப்பாடு தனி, அதுக்கு மதினியோட எட்டு பவுன அடகு வைக்கணும்னு அவர் ஈஸியா சொல்லிட்டாரு, வட்டி கட்டப்போறது அவரு இல்லையே. 2023 சிவில் சர்வீஸ் தேர்வுக்கு அப்ளை பண்ணது 10 லட்சத்து 16 ஆயிரம் பேருக்கு மேல, பிரிலிம்ஸ்க்கு வந்து உக்காந்தது 5 லட்சத்து 92 ஆயிரம் பேர், கடைசில லிஸ்ட்ல வந்தது 1,016 பேர். பரீட்சை கெட்டதுன்னு நான் சொல்லல, நாளைக்கு பாப்பாவுக்கே ஆசை வந்தா எழுதட்டும், அதுக்கு நகை வேணாம். சென்னைல அரசு நடத்துற கோச்சிங் சென்டர் இருக்கு, தமிழக அரசோட 'நான் முதல்வன்' திட்டத்துல தேர்வு வச்சு 1,000 பேருக்கு மாசம் 7,500 ரூபாய் குடுத்து படிக்க வைக்கிறாங்க. ஆனா போன சனிக்கிழமை என் முன்னாடி உக்காந்து அந்தப் புள்ள சொன்னது வேற: "எனக்கு ஆபீசர் ஆகணும்னு இல்ல, ஒரு சட்டத்த ஏன் இப்படி எழுதி வச்சிருக்காங்கன்னு பாக்கத்தான் பிடிக்குது." பத்தொம்பது வயசுல இவ்வளவு தெளிவா சொல்ற புள்ளைங்க எங்கிட்ட வர்றது ரொம்பக் கம்மி. இந்த விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

இப்ப அந்த வேலை என்னன்னு சொல்றேன். பார்லிமென்ட்ல ஒரு மசோதா வருதுன்னா சில சமயம் நூறு பக்கம் கூட இருக்கும், எம்.பி.க்கு அத முழுசா உக்காந்து படிக்க எங்க நேரம். அத நாலு பக்கமா சுருக்கி, முன்னாடி சட்டம் எப்படி இருந்துச்சு, இப்ப என்ன மாறுது, எந்த இடத்துல கேள்வி வரும்னு எழுதிக் குடுக்குற நிறுவனங்கள் இருக்கு. டெல்லில பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் 2005ல இருந்து இதத்தான் செய்யுது, எந்தக் கட்சி எம்.பி.யும் வாங்கிப் படிக்கலாம், இத ஆதரிங்க எதிர்த்து ஓட்டுப் போடுங்கன்னு அவங்க சொல்லவே மாட்டாங்க. 'விதி சென்டர்'ங்கிற நிறுவனம் சட்டம் எழுதுற பக்கம், பெங்களூர்ல 'தக்ஷசிலா'ன்னு இன்னொரு கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. இந்த மாதிரி இடங்கள்ல ஸ்டூடன்ட்ஸ எடுக்கும்போது சில இடத்துல நேர்ல வரச் சொல்லுவாங்க, சில இடத்துல வீட்டுல இருந்தே பாக்கலாம், அறிவிப்புல அந்த ஒரு வரிய மொதல்ல பாக்கணும். அப்புறம் நீங்க பயப்படுற மாதிரி இது கட்சி வேலை இல்ல அண்ணே, கட்சி சார்பு இல்லாம எழுதுறதுதான் அங்க வேலை.

அப்ளிகேஷன்ல பொதுவா ஒரு பக்க ரெஸ்யூமே, ஏன் வர்றேன்னு ஒரு சின்ன கடிதம், சொந்தமா எழுதுன ஒரு கட்டுரை, இவ்வளவுதான் கேப்பாங்க. சில இடத்துல ஒரு மசோதாவ அனுப்பி, குறிச்ச நேரத்துக்குள்ள ரெண்டு பக்கத்துல சுருக்கி அனுப்பச் சொல்லுவாங்க. இங்கதான் காலேஜ்ல சொல்லித்தராத ஒரு விஷயம் இருக்கு. மசோதாவ முதல் பக்கத்துல இருந்து படிக்காம கடைசில இருந்து படிக்கணும், அங்கதான் இந்தச் சட்டம் எதுக்குன்னு சொல்ற நோக்க காரண விளக்கம் இருக்கும், செலவு வர்ற மசோதான்னா நிதிக் குறிப்பு இருக்கும், எத எல்லாம் அப்புறமா விதி போட்டுப் பாத்துக்கலாம்னு அதிகாரிங்க கைல விட்டிருக்காங்கன்னு ஒரு குறிப்பும் இருக்கும். அந்த மூணாவது குறிப்புதான் முக்கியம். "விதிகள்ல சொல்லப்படும்"னு எத்தன தடவ வருதுன்னு எண்ணிப் பாத்தாலே சட்டத்துல பாதி இன்னும் எழுதவே இல்லன்னு புரிஞ்சிடும். பாப்பாவ எண்ணச் சொன்னேன், பென்சில் வச்சு கோடு போட்டு எண்ணுச்சு.

கட்டுரைக்கு அது மொதல்ல எடுத்துட்டு வந்த தலைப்பு உலகப் பொருளாதாரம். தூக்கிப் போடுன்னேன். டெல்லில இருக்குற புள்ளைங்க நூறு பேர் அத எழுதுவாங்க, இங்கிலீஷும் இத விட நல்லா எழுதுவாங்க. உங்கம்மா பட்டாசு ஆபீஸுக்குத்தானே வேலைக்குப் போறாங்க, அத எழுதுன்னு சொன்னேன். நம்ம ஊர்ல டீக்கடைல கூட நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ லைசென்ஸ்னு பேசுறோம்ல, அது 2008 வெடிபொருள் விதிகள்ல இருந்து வர்றது, எவ்வளவு வெடிமருந்து கையாளலாம்ங்கிறத வச்சு யாரு லைசென்ஸ் குடுக்குறதுன்னு மாறும். நாக்பூர்ல இருக்குற வெடிபொருள் பாதுகாப்பு ஆபீஸ் மத்திய வர்த்தக அமைச்சகத்துக்குக் கீழ, தொழிற்சாலை பாதுகாப்ப பாக்குறது மாநிலத் தொழிலாளர் துறை, டி.ஆர்.ஓ., அதாவது மாவட்ட வருவாய் அலுவலர், வருவாய்த்துறை. ஒரு ஷெட்டு, அதுக்குள்ள மூணு கை. ஒரு விபத்து நடந்தா யாரு கடைசியா வந்து பாத்தாங்க, யாரு பாத்திருக்கணும், இந்த ஒரு கேள்விக்கே மூணு பக்கம் எழுதலாம். டெல்லிக்காரப் புள்ளைக்கு நாக்பூர் லைசென்ஸ்னா என்னன்னே தெரியாது.

அதுக்கு வேண்டிய பேப்பர் எல்லாம் இலவசம். லோக்சபாவுல கூட்டம் நடக்குற ஒரு நாளைக்கு அமைச்சர் சபையிலயே வாயால பதில் சொல்ற ஸ்டார் கேள்வி 20, எழுத்துல பதில் குடுக்குற ஸ்டார் இல்லாதது 230 வரைக்கும் எடுத்துக்குவாங்க, அமைச்சர் குடுத்த பதில் எல்லாம் பார்லிமென்ட் வெப்சைட்ல தேடி எடுக்கலாம். சட்டசபைல மானியக் கோரிக்கை, அதாவது துறைகளோட செலவுக்கு ஒப்புதல் கேக்குறது, வரும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்புன்னு புத்தகம் போடுது, தமிழ்லயும் போடுது. தமிழ் மீடியத்துல படிச்சத ஒரு குறையா நெனச்சு இந்தப் புள்ள ரெஸ்யூமேல ஒளிச்சு வச்சிருந்துச்சு! அரசாணை தமிழ எழுத்து விடாம படிச்சுப் புரிஞ்சுக்குற ஆளு டெல்லி ஆபீஸ்ல எத்தன பேரு இருப்பாங்க, அத மேல கொண்டு வந்து வைன்னு திட்டுனேன்.

முதல் டிராஃப்ட்ல "அரசு தூங்குகிறது"ன்னு ஒரு வரி இருந்துச்சு. அடிச்சுட்டேன். எந்த வருஷம், எந்த அலுவலகம், எத்தன ஆய்வுன்னு எழுதுனா போதும், தூங்குச்சா முழிச்சுச்சான்னு படிக்கிறவன் சொல்லிக்குவான். ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் அதே பக்கத்த கைல வச்சுப் பேச முடியணும், அதான் நடுநிலை. அப்படியே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டிருந்த அரசியல் மீம்ஸையும் எடுக்கச் சொல்லியிருக்கேன், மூஞ்சத் தூக்கி வச்சுக்கிச்சு.

காசு விஷயம். இன்டர்ன்ஷிப்புக்கு ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், சர்டிஃபிகேட் ஃபீஸ்னு ஒரு ரூபாய் கேட்டாக்கூட அது கடை, போன வச்சிடுங்க. போன வருஷம் எங்கிட்ட வந்த ஒரு பையன் அப்படி நாலாயிரம் கட்டி, கடைசில ஒரு பிடிஎஃப்தான் வந்துச்சு. ஸ்டைபெண்ட், அதாவது உதவித்தொகை, இடத்துக்கு இடம் மாறும், சில இடத்துல கிடையாது. சம்பளம் இல்லாம நாள் பூரா வேலைன்னா ரெண்டு மாசத்துக்கு மேல நான் ஒத்துக்க மாட்டேன், அதுவும் செமஸ்டர் லீவுலதான். உங்க செலவு பழைய லேப்டாப் ஒண்ணு, வீட்டுக்கு பிராட்பேண்ட் கனெக்‌ஷன், அப்புறம் காலைல பத்து மணிக்கு வீடியோ கால் இருந்தா அந்த நேரம் மிக்ஸி ஓடக்கூடாது.

இந்தத் துறை நிரந்தரமான்னு கேட்டீங்க. இல்லண்ணே. 1973ல ஆரம்பிச்ச பெரிய நிறுவனம், சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச், அதுக்கே 2023ல வெளிநாட்டு நிதி வாங்குற லைசென்ஸ சஸ்பெண்ட் பண்ணாங்க, அடுத்த வருஷம் ரத்தே பண்ணிட்டாங்க. அதனால டிகிரிய நல்ல மார்க்கோட முடிக்கிறதுல சமரசம் கிடையாது. முடிச்ச பிறகு லேம்ப் ஃபெலோஷிப்னு ஒண்ணு இருக்கு, பிஆர்எஸ் 2010ல இருந்து நடத்துறது, டிகிரி முடிச்ச இளவயசுப் புள்ளைங்க ஒரு எம்.பி.கிட்ட கிட்டத்தட்ட ஒரு வருஷம் இருந்து கேள்வி தயாரிக்கிறது, பேச்சுக்குக் குறிப்பு எடுக்குறதுன்னு பாப்பாங்க, அதுக்கு உதவித்தொகையும் உண்டு. டெல்லி போறதுன்னா அப்ப போகட்டும், அவங்க காசுல.

மச்சினர் நம்பர எனக்கு அனுப்புங்க, நான் பேசிக்கிறேன். பாப்பாகிட்ட ரெண்டாவது டிராஃப்ட் ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள வரணும்னு சொல்லுங்க, மூணு பக்கத்துக்கு மேல ஒரு வரி கூட வேணாம். மதினிகிட்டயும் ஒண்ணு கேக்கச் சொல்லியிருந்தேன், அவங்க ஷெட்டுல கடைசியா எப்ப ஆய்வுக்கு வந்தாங்கன்னு.