கண் மூடிய மிருதங்கம் அச்சில் வருமா?

டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கோயில் மண்டபத்தில் நடக்கும் தீபாவளிக் கச்சேரிக்காக இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 4இல் ஒரு பாட்டை எழுதியிருக்கிறேன். பாட்டுக்கு ஒரு வரி, இரண்டு வயலின், கிளாரினெட், செல்லோ, மிருதங்கம், தம்புரா. நடத்துபவருடைய ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த தாள், பக்கத்துக்குள் அடங்கவில்லை என்று மிருதங்கத்தையும் தம்புராவையும் மறைத்துவிட்டேன். இப்போது மிருதங்கக்காரர் தமது தாளைக் கேட்கிறார். எத்தனை முறை அச்சிட்டாலும் அவருடைய வரி வருவதில்லை. ஒவ்வொரு முறையும் மறைத்ததைத் திறந்து, அச்சிட்டு, மறுபடி மூடத்தான் வேண்டுமா?"

வேண்டாம். வாத்தியத்தை மறைக்க நீங்கள் அழுத்தியது அதன் பெயருக்கருகே உள்ள கண் குறி; மூடிய அந்தக் கண்ணை மூடியபடியே விடுங்கள். எஃப் 7 விசையை அழுத்தினால் இடப்பக்கம் வாத்தியங்களின் பட்டியல் வரும். அங்கே நீங்கள் மூடிய கண், முழு ஸ்கோர் என்ற அந்த ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது. மிருதங்கத்துக்கென்று தனி பார்ட், அதாவது அவருக்கு மட்டுமான தாள், ஒன்று உண்டு; அதற்குத் தனியாகக் கண்களும் உண்டு. ஸ்கோர் தாவலில் நின்றபடி அச்சிட்டால் ஸ்கோர் மட்டும்தான் அச்சாகும். உங்கள் தாள்கள் வீணானது இதனால்தான்.

மேலே இருக்கும் "பார்ட்ஸ்" பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் மிருதங்கமும் இருக்கும். "ஓப்பன் ஆல்" கொடுத்தால் ஒவ்வொரு வாத்தியமும் தனித் தாவலாகத் திறக்கும். மிருதங்கத் தாவலுக்குப் போய் அச்சிட்டால் வேலை முடிந்தது. அங்கே வரி காணவில்லை என்றால், அந்தத் தாவலில் நின்றபடி எஃப் 7 அழுத்தி மிருதங்கத்தின் கண்ணைத் திறந்துவிடுங்கள். நடத்துபவரின் ஸ்கோரில் எதுவும் மாறாது. எல்லாருக்கும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டுமானால் அச்சுக்கே போக வேண்டாம். கோப்பு மெனுவில் "எக்ஸ்போர்ட்" திறந்து, வேண்டிய பார்ட்களைக் குறியிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனி பிடிஎஃப் ஆக எடுங்கள். தம்புராவைக் குறியிடாமல் விட்டுவிடலாம். அது ஒத்திகையில் கணினியிலிருந்து ஒலிப்பதற்காகத்தானே இருக்கிறது! மறைத்த வாத்தியம் காதுக்கு மறைவதில்லை. அதை நிறுத்த வேண்டுமானால் ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியையும் கட்டுப்படுத்தும் "மிக்சர்" பலகையில் நிறுத்த வேண்டும். இடம் போதவில்லை என்று வாத்தியத்தை நீக்கிவிடுகிறவர்களும் உண்டு. நீக்கினால் அதன் சுரங்களும் கூடவே போய்விடும். அதைச் செய்யாதீர்கள்.

கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் மிருதங்கத்தின் வரியை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால் அவர் திருப்தி அடைவாரா என்பதில் எனக்குச் சந்தேகம். பார்ட்களில் தொடர்ந்து வரும் வெற்று அளவுகளை (பார்களை) மென்பொருள் ஒன்றாகச் சுருக்கி, மேலே எண் போட்டுவிடும். செல்லோக்காரருக்கு அது வசதி. எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தை நாலுக்கு நாலு என்று எழுதியிருந்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, இரண்டு அளவு. 16 என்று போட்டிருந்தால் எட்டு ஆவர்த்தனம். மேடையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட எந்த மிருதங்கக்காரரும் விரும்பமாட்டார். எம் விசையை அழுத்தினால் சுருக்கம் விரியும், தாளும் நீளும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மிருதங்கத் தாவலில் நின்று, பாட்டு வரியின் கண்ணையும் திறந்துவிடுங்கள். அவருடைய தாளில் மேலே பாட்டும் சாகித்தியமும் (பாடலின் சொற்களும்), கீழே அவருடைய வரியும் வரும். அவர் எப்போதும் பாட்டைக் கேட்டுத்தான் வாசிக்கிறார். தாளிலும் அதையே பார்க்கட்டும். பாட்டும் மிருதங்கமும் இரண்டுமே ஓய்ந்திருக்கும் இடத்தில் மட்டுமே சுருக்கம் விழும். உங்களைத் தொல்லைப்படுத்திய அதே கண், இப்படிப் பயன்படுத்தினால் நல்ல நண்பன்.

பல்லவி, அனுபல்லவி, சரணம் தொடங்கும் இடங்களில் "ரிஹர்சல் மார்க்" என்ற ஒத்திகைக் குறி போட்டு அந்தப் பெயர்களையே எழுதுங்கள். அது எல்லா பார்ட்டிலும் தோன்றும், நீண்ட சுருக்கத்தையும் அங்கே உடைக்கும். "இங்கே மெதுவாக", "இங்கே நிறுத்தம்" என்று வயலின் வரிக்கு மேல் "ஸ்டாஃப் டெக்ஸ்ட்" ஆக எழுதியிருந்தால் அது வயலின் தாளோடு நின்றுவிடும். மிருதங்கக்காரருக்குத் தெரியவே தெரியாது. எல்லாருக்கும் போக வேண்டியவை "சிஸ்டம் டெக்ஸ்ட்" ஆக இருக்க வேண்டும். ஒத்திகையில் ஒருவர் மட்டும் நிற்காமல் முந்தி ஓடிக்கொண்டிருந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கிளாரினெட் தாளைக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம். உங்களிடம் இருப்பது வழக்கமான பி பிளாட் கிளாரினெட் என்றால், ஒலிக்க வேண்டியதைவிட ஒரு முழுச் சுரம் மேலே அதன் தாளில் எழுதியிருக்க வேண்டும். பாடகியின் சுருதி ஐந்து கட்டை, அதாவது ஜி, என்று வைத்துக்கொள்வோம். கிளாரினெட் தாளில் ஆதார ஷட்ஜம் (ச) ஏ ஆகத் தெரிய வேண்டும். திரையின் அடியில், எல்லாவற்றையும் ஒலிக்கும் சுரத்திலேயே காட்டும் "கான்சர்ட் பிட்ச்" பொத்தான் அழுத்தியபடியே இருந்தால் தாளில் ஜி என்றே அச்சாகும், அவர் அதை வாசிக்க, நாலு கட்டையில் ஒலிக்கும். ஒரு முறை நான் இப்படி அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அந்த வாத்தியக்காரர் மூன்று முறை ஊதுகுழலைச் சரிசெய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தவறு என்னுடையது என்று புரிய நாலாவது முறை தேவைப்பட்டது. கிளாரினெட் தாவலில் நின்று அந்தப் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பிடிஎஃப் எடுங்கள்.

சாகித்தியத்தைத் தமிழில் தட்டியிருந்தால் மியூஸ்ஸ்கோர் கோப்பாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள். உங்கள் எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்துகள் வேறு வடிவில் வந்து, வரிகள் இடம் மாறக்கூடும். பக்க அமைப்பில் ஏ4 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். "எல்லா பார்ட்டுக்கும்" என்று அங்கேயே ஒரு பொத்தான் இருக்கிறது. மண்டபத்தின் மங்கிய விளக்கில் படிக்க வேண்டிய தாள் என்பதால், மிருதங்கத் தாவலில் மட்டும் வரியின் அளவைச் சற்றுக் கூட்டலாம். சுரங்களைத் திருத்தினால் ஸ்கோரும் திருந்தும். அளவையும் வரி முறிவையும் மாற்றினால் அந்த மாற்றம் அந்தத் தாளோடு நின்றுவிடும். முன்பு அச்சிட்ட தாள்களைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பழையதும் புதியதும் ஒரே ஸ்டாண்டில் கலந்துவிடும்.