கரையும்போதுதான் கரைச்சல்

போன இதழில் வேறு யாருக்கோ பதில் சொல்லும்போது, "எனக்கு ஸ்னோ என்றால் உயிர்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை மேசை நிறைய. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். ஆகவே கலியாணம், மாமியார், பிள்ளைகளின் தமிழ் எல்லாம் இந்த மாதம் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும்.

கேள்வி: அக்கா, கனடாவுக்கு வந்து எட்டு வருடம். முதல் பனி விழுந்தால் இப்போதும் பிள்ளைகளுக்கு முதல் நான்தான் யன்னலுக்கு ஓடுவேன். ஆனால் பூட்ஸ், ஜக்கெற், காரைச் சுரண்டுவது, இருட்டில் வேலைக்குப் போவது ஒன்றும் பிடிக்காது. "குளிர்காலத்தைத் திட்டிக்கொண்டு ஸ்னோவை மட்டும் ரசிப்பது என்ன நியாயம்?" என்று இவர் கேட்கிறார். யார் சரி?
(ஏஜாக்ஸ் வாசகி)

பதில்: நீங்கள்தான் சரி, பிள்ளை. ஊரில் மாரி மழை பிடிக்கும் என்று சொன்னவரிடம், "அப்படியென்றால் அடுப்படிக்குள் வெள்ளம் வருவதும் பிடிக்குமோ?" என்று யாராவது கேட்டார்களா?

நான் வந்தது 1991 பெப்ரவரி. ஸ்காபரோவில் பெரியம்மாவின் மகன் வீட்டு பேஸ்மென்ற். என் அறைக்கு ஒரே ஒரு யன்னல், கூரையோடு ஒட்டினாற்போல், இரண்டு முழ நீளம். வந்த நாலாம் நாள் காலையில் எழும்பிப் பார்த்தால் யன்னல் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தது. அதற்குள்ளால் வந்த வெளிச்சம் வெள்ளையில்லை. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு அம்மா நீலம் போட்டு அலசிக் காயவிடுவாரே, அந்த நீலம். (ஒளி பனிக்குள் முட்டி மோதி வரும்போது பனிக்கட்டி சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி நீலத்தை விட்டுவிடும் என்று பல வருடம் கழித்து மகள் விளங்கப்படுத்தினாள்.) மேலே யாரோ நடந்து போனார்கள். சப்பாத்து தெரிந்தது, சத்தம் வரவில்லை. புதுப் பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுத்தான். சத்தம் அந்த இடுக்குகளுக்குள் போய் அடங்கிவிடும். இதுவும் மகள் சொன்னதுதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வேறு. நான் விட்டுவந்த ஊரில் ஒரு காலை சத்தமே இல்லாமல் விடிந்தால் அடுத்து என்ன விழப்போகிறதோ என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருப்போம். பயமில்லாத அமைதியை நான் முதலில் கேட்டது அந்த யன்னலடியில். அதற்குப் பிறகு என்னிடம் வந்து ஸ்னோவைப் பற்றிக் குறை சொன்னால் எடுபடுமா?

அடுத்த கிழமை வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை, நாலே முக்காலுக்கு பஸ் தரிப்பு. அங்கேதான் குளிர்காலம் எனக்கு அறிமுகமானது. மூக்குக்குள் மயிர் விறைத்துக் குத்தும். கண்ணீர் இமையில் நிற்கும். பஸ் வராது. திரும்பி வரும்போதும் இருட்டு. டிசம்பர் 21-ஐ ஒட்டி ரொறன்ரோவில் காலை 7:45-க்குப் பிறகுதான் சூரியன் எழும்பும், பின்னேரம் 4:45-க்குள் படுத்துவிடும். இதில் பனியின் குற்றம் எது, சொல்லுங்கள். இருட்டு சூரியனின் கணக்கு. விடியற்காலை நாலே முக்கால் முதலாளியின் கணக்கு. பனி விழுந்த இரவுதான் உண்மையில் ரோட்டு வெளிச்சம் எல்லாம் திரும்பி எறிந்து கொஞ்சம் வெளிச்சமாக இருக்கும்.

தொல்லைக்கு நாங்கள் சொல்லும் சொல் கரைச்சல். யார் கண்டுபிடித்தார்களோ, கனடாவை நினைத்தே கண்டுபிடித்தது போல இருக்கிறது. பனியாகக் கிடக்கும்வரை ஒரு கரைச்சலும் இல்லை. அது கரைந்து, சகதியாகி, சப்பாத்துக்குள் போய், இரவில் திரும்ப இறுகி, மார்ச் மாதத்தில் பேஸ்மென்ற் சுவரால் கசிகிறதே, அப்போதுதான். இவரிடம் இதைச் சொல்லுங்கள். முதல் பனியன்று காரைச் சுரண்டும் வேலையையும் அவரிடமே கொடுங்கள்.

கேள்வி: இவருக்கு 61 வயது. பனி கொட்டினால் ஆளை வைத்துத் தள்ளுவிக்க விடமாட்டார். "இது பஞ்சு மாதிரி, இதற்குக் காசா?" என்று பனி அள்ளும் சவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். என்ன சொல்லி மறிப்பது?
(பிராம்ரன் வாசகி)

பதில்: கணக்குச் சொல்லி மறியுங்கள், எங்கள் ஆட்கள் கணக்குக்குத்தான் மசிவார்கள். வாசலில் கார் நிற்கும் ட்ரைவ்வே 5 மீற்றர் அகலம், 8 மீற்றர் நீளம். 20 சென்ரிமீற்றர் பனி. அதாவது 8 கனமீற்றர். உலர்ந்த புதுப் பனியே ஒரு கனமீற்றர் கிட்டத்தட்ட 100 கிலோ வரும். ஆக மொத்தம் 800 கிலோ. கடையில் வாங்குகிறோமே 40 இறாத்தல் அரிசிப் பை, அதில் 44. ஈரப் பனியென்றால் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். "நாற்பத்து நாலு அரிசிப் பையைக் காலமை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில், மைனஸ் பன்னிரண்டில் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிவீங்களோ?" என்று கேளுங்கள்.

அப்புறம் மற்றதையும் சொல்லுங்கள். கியூபெக்கில் 30 வருடங்களுக்கு மேற்பட்ட மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, கடும் பனி பெய்ததற்கு அடுத்த நாள் ஆண்களுக்கு மாரடைப்பு கூடுவதைக் காட்டியது. பெண்களில் அப்படிக் காணவில்லை. சவள் யார் கையில் இருந்தது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், பாரம் தூக்க இதயம் வேகமாக அடிக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் அழுத்தம் இன்னும் ஏறும். கட்டாயம் தள்ளத்தான் வேண்டும் என்றால் கொட்டி முடியும்வரை காத்திராமல் இரண்டு மூன்று தரம் போய், தூக்காமல் தள்ளட்டும். நெஞ்சு இறுகினால் சவளை விட்டுவிட்டு அவசர உதவிக்கு 911. "வாய்வு" என்று இஞ்சி இடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

எனக்கு இந்தக் கவலை இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு இத்தாலியத் தாத்தா, பனி தள்ளும் மெசின் வைத்திருக்கிறார். அவருடையதை முடித்துவிட்டு, நகரசபை வண்டி என் வாசலில் வழித்துவிட்டுப் போகும் பனி மதிலையும் உடைத்துத் தருவார். கூலி, பன்னிரண்டு உளுந்து வடை. சூடாகக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கேள்வி: கடையில் வாங்கிய உப்பை இரண்டு வாளி கொட்டியும் வாசல் ஐஸ் அசையவில்லை. கலப்படமோ?
(மிசிசாகா வாசகர்)

பதில்: உப்பில் பிழை இல்லை, அன்றைய குளிரைப் பாருங்கள். சாதாரண கல்லுப்பு மைனஸ் 10-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டச் சும்மா கிடக்கும். அந்தக் குளிருக்குக் கல்சியம் குளோரைட் கலந்தது வேண்டும், இல்லாவிட்டால் மணலைத் தூவிவிட்டுப் பேசாமல் இருங்கள். வாளி வாளியாகக் கொட்டினால் போவது உங்கள் கொங்கிறீற்றும் புல்லும்தான். சப்பாத்தில் வெள்ளைக் கறை படிந்தால் விநாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடையுங்கள்.

கேள்வி: அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், 72 வயது. பனியைப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சந்தோசம். ஆனால் வெளியே இறக்க எனக்குப் பயம்.
(ஸ்காபரோ வாசகர்)

பதில்: புதுப் பனியில் இறக்குங்கள், தம்பி. கால் புதையும், வழுக்காது. மைனஸ் பத்துக்குக் கீழே போன நாளாகப் பார்த்து இறக்கினால் காலடியில் நறநறவென்று கேட்கும். அந்தக் குளிரில் பனித்துகள் மிதிக்கக் கரையாது, நொறுங்கும். அந்தச் சத்தத்தை அம்மா ஊருக்குக் கொண்டுபோகட்டும்.

பயப்பட வேண்டியது பனி இல்லாத நாளுக்கு. ஒரு மார்ச் மாதம், வெயில் எறிக்கிற காலை, ரோட்டில் பனி என்று பேருக்கும் இல்லை. "குளிர்காலம் முடிந்தது" என்று சொல்லிக்கொண்டே குப்பை வாளியை இழுத்துப் போனேன். முதல் நாள் கரைந்த தண்ணீர் இரவில் கண்ணாடியாக உறைந்து தார் நிறத்திலேயே கிடந்தது. இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்து, ஆறு கிழமை மாவுக்கட்டு. தேங்காய் திருவ முடியாமல் ஆறு கிழமை வீட்டில் சம்பலே இல்லை.

வயல் வரம்பில் ஈரத்தில் எப்படி நடப்பார் என்று அம்மாவிடம் கேளுங்கள். சின்ன அடி, முழுப் பாதத்தையும் வைத்து, கொஞ்சம் முன்சாய்ந்து, இரண்டு கையும் வெளியில். இங்கேயும் அதேதான். கையை மட்டும் பொக்கற்றுக்குள் விடக்கூடாது.

கேள்வி: எங்களுக்குப் பனி என்றால் காலையில் புல்லில் கிடப்பது. உங்கள் ஊரில் கொட்டுவதற்குத் தமிழில் தனிச்சொல் இல்லையா?
(யாழ்ப்பாணம், பள்ளிக்கூட ஆசிரியை)

பதில்: வெண்பனி, உறைபனி என்று எழுதுகிறார்கள், ரீச்சர். கதைக்கும்போது ஸ்னோதான். "ஸ்னோ கொட்டுது, கெதியா வா" என்றால்தான் பிள்ளை ஓடிவரும். வெண்பனி பொழிகிறது என்றால் கவியரங்கம் என்று நினைக்கும். எனக்கு வெறும் பனியே போதும். பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குவது என்றும் பொருள், பொருளும் பொருத்தமும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. தொல்காப்பியம் சொல்லும் ஆறு பெரும்பொழுதில் முன்பனி, பின்பனி என்று இரண்டு பனிக்கே போய்விட்டன. மார்கழி, தை, மாசி, பங்குனி. ரொறன்ரோ நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று ஆச்சி சொன்னபோது சிரித்திருக்கிறேன். இங்கே கூரை ஓரத்தில் ஐஸ் கட்டி, தண்ணீர் உள்ளே இறங்கி, மாடி அறைச் சுவரில் கறை விழுந்தபோது ஆச்சியை நினைத்தேன்.

கேள்வி: ஸ்னோவைப் புகழ்கிறீர்களே, 2013 கிறிஸ்மஸ் மறந்துவிட்டதா? எங்கள் வீட்டில் ஐந்து நாள் கரண்ட் இல்லை.
(மார்க்கம் வாசகர்)

பதில்: மறக்குமா, ஐயா. டிசம்பர் 21 இரவு. ரொறன்ரோவில் மட்டும் 3 லட்சம் மின் வாடிக்கையாளர்கள் இருட்டில். எங்கள் வீட்டில் ஏழு பேர் ஒரே அறையில் இரண்டு போர்வைக்குள். தெருவுக்குத் தெரு கிளை முறியும் சத்தம், வெடி போல. நான் இரண்டு தரம் திடுக்கிட்டு எழும்பினேன், ஏன் என்று உங்களுக்கு விளங்கும். ஆனால் அது ஸ்னோ இல்லையே! உறைமழை. மேலே சூடான காற்றில் மழையாகி, நிலத்தருகே உறைநிலைக்குக் கீழே போன குளிரில் தண்ணீராகவே வந்து, தொட்ட இடத்தில் ஐஸாகப் படிவது. மேலேயும் குளிராகவே இருந்திருந்தால் எல்லாம் பனியாக விழுந்திருக்கும், நாங்கள் இருவரும் இன்றைக்குச் சண்டை பிடித்திருக்கமாட்டோம். (இன்னொரு தரம் அப்படி நடந்தால் தயவுசெய்து யாரும் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டவேண்டாம். மணமே இல்லாத நச்சுவாயு, நித்திரையிலேயே ஆளை எடுத்துவிடும்.)

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த நாள் வெயில் வந்தபோது எங்கள் தெரு மேப்பிள் மரம் அடி முதல் நுனி வரை கண்ணாடிக்குள் நின்றது. பேரழகு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பாதி முறிந்து பக்கத்து வீட்டுக் காருக்கு மேல் விழுந்தது.

கேள்வி: குளிர்கால ரயர் உண்மையில் தேவையா, காசு பிடுங்கும் வேலையா?
(விற்பி வாசகர்)

பதில்: தேவை. 7 பாகை செல்சியசுக்குக் கீழே மற்ற ரயரின் றப்பர் இறுகிப் பிடிமானம் குறைந்துவிடும், பனியே இல்லாவிட்டாலும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 முதல் கார்க் காப்புறுதியில் அதற்குக் கழிவு தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தைப்பொங்கலுக்கு வாசலில் பனிக்கு மேலேயே கோலம் போட ஆசை. அரிசிமாவில்தான் போட வேண்டும் என்று மாமி நிற்கிறார்.
(பிக்கரிங் வாசகி)

பதில்: போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என் மாமியும் நின்றவர்தான். பலகையால் பனியைத் தட்டி மட்டமாக்கி, குந்தியிருந்து அரை மணித்தியாலம் போட்டு எழும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வெள்ளைக்கு மேல் வெள்ளை. அடுத்த வருடம் மஞ்சள் கலந்தோம். இத்தாலியத் தாத்தா தன் நாயைக் கூப்பிட்டுத் திட்டிவிட்டு எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்கடுத்த வருடம் குங்குமம். அவரே ஓடிவந்து மணியடித்து, யாருக்கு அடிபட்டது என்று கேட்டார்.

நாலாவது வருடம் மாமி தன் சூட்கேசின் அடியில் இருந்து ஊர் நீலப் பொட்டலத்தை எடுத்தார், சட்டைக்குப் போடுகிற அதே நீலம். மாவோடு கலந்து ஒன்பது புள்ளிக் கோலம். அந்த இரவு மைனஸ் 18. கோலம் அப்படியே இறுகிவிட்டது. பதினொரு நாள் அழியவில்லை. மாமி ஒவ்வொரு காலையும் தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலடிக்குப் போய், "இன்னும் நிக்குது" என்று எங்களுக்கு அறிவிப்பார். பன்னிரண்டாம் நாள் மழை பெய்தது. ட்ரைவ்வே முழுக்க நீலத் தண்ணீர்.