12 அடி உயர அடிப்பொடி

கேள்வி: தொண்டர், அடியார், சீடர், ரசிகர், விசிறி எல்லாம் ஒரே பொருள்தானே? எங்கள் தெருமுனைப் பேனரில் ஒருவர் தம்மைத் 'தலைவரின் அடிப்பொடி' என்று போட்டிருக்கிறார். அதைப் பார்த்து எழுந்த சந்தேகம்.
- வாசகர் ஒருவர், செல்லூர், மதுரை.

பதில்: அந்தப் பேனரை நானும் பார்த்தேன். தலைவர் மேல் மூலையில் தபால்தலை அளவுக்கு இருக்கிறார். அடிப்பொடியோ 12 அடி உயரத்தில் கைகூப்பி நிற்கிறார். பொடி இவ்வளவு வளர்ந்து நான் கண்டதில்லை.

மண்டங்குடியில் பிறந்த விப்ரநாராயணர், திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டியவர். அவர் தம்மைப் பெருமாளின் அடிப்பொடி என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. பெருமாளுடைய தொண்டர்களின் காலில் ஒட்டிய தூசி என்றார். தொண்டரடிப்பொடி ஆழ்வார் ஆனார். உங்கள் தெருக்காரர் முன்பாதியை வசதியாக விட்டுவிட்டார். சக தொண்டர்களுக்குத் தூசியாக இருக்கச் சொன்னால் நாளைக்கே கட்சி மாறிவிடுவார்.

சொற்கள் ஒன்றல்ல. சீடன் பாடம் கற்க வேண்டும். ரசிகன் ரசித்தால் போதும். 'விசிறி' ஒரு மொழிபெயர்ப்பு விபத்து. வெறியரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி 'ஃபேன்' என்றார்கள். நாம் அதன் கையில் பனையோலையைக் கொடுத்துவிட்டோம். தொண்டர் என்ற சொல்லுக்குள் தொண்டு இருக்கிறது, அதாவது வேலை. அழகரை வரவேற்கும் எதிர்சேவையன்று மதுரைத் தல்லாகுளத்தில் நீர்மோர் ஊற்றிக் கை சலித்தவரை அப்படி அழைக்கலாம்.

அடியார் என்பதுதான் மதுரைக்காரர்களுக்கு நெருக்கமான சொல். வைகை கரையை உடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்றான் பாண்டியன். பிட்டு விற்ற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்தார் என்கிறது திருவிளையாடற் புராணம். உதிர்ந்த பிட்டுதான் கூலி. அதைத் தின்றார், கொஞ்சம் மண் சுமந்தார், நிறையத் தூங்கினார், முதுகில் பிரம்படியும் வாங்கினார். (வேலையில் அவ்வளவு ஒழுங்கில்லை என்பது வேறு விஷயம்.) அடியாருக்காக ஆண்டவன் அடி வாங்கிய ஊர் இது.

செல்லூரிலிருந்து ஆற்றைக் கடந்தால், இந்தப் பிட்டுக் கதையை விழாவாகக் கொண்டாடும் புட்டுத்தோப்பு. ஆவணித் திருவிழாவுக்கு அந்தப் பேனர்காரரையும் அழைத்துப் போங்கள். அவருக்காக அவருடைய தலைவர் என்றாவது ஒரு கூடை மண் சுமந்ததுண்டா என்று வழியில் கேளுங்கள். பேனர் செலவு யாருடையது என்பதையும் அப்படியே விசாரித்து எழுதுங்கள்.