எரிகிற பாதத்துக்கு வெந்நீர் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 58. நெடுநாளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரவில் படுத்தால் இரண்டு பாதங்களும் எரிகின்றன. தொட்டால் சில்லென்று இருக்கின்றன. சற்று நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. தினமும் வெந்நீரில் கால் வைக்கிறேன், வலி மாத்திரை போடுகிறேன். இது போதுமா?
- ஒரு வாசகி

பதில்: போதாது அம்மா. முதலில் அந்த வெந்நீரை இன்றே நிறுத்துங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூட்டின் அளவு தெரியாது. இதமாக இருக்கிறதே என்று வைத்த கால், மறுநாள் கொப்பளித்துக் கிடக்கும். வெந்நீர்ப் பையும் அப்படித்தான். குளிர்ந்தால் தளர்வான காலுறை போதும்.

உங்களுக்கு இரண்டு தொல்லைகள் சேர்ந்திருக்கலாம். இரவு எரிச்சல் நரம்பின் வேலை. நடந்தால் பிடித்து, நின்றால் விடுகிற வலி பெரும்பாலும் ரத்தக்குழாய் சுருங்கியதால் வருவது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தீர்க்காது என்பதால் இரண்டையும் சோதித்தாக வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பார்கள். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுப்பார்கள்; கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து 0.9-க்குக் கீழே வந்தால் குழாய் சுருங்கியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் கெட்டிப்பட்டு இந்த அளவு பொய்யாகக் கூடிக் காட்டுவதுண்டு. அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவரானால் வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள். நெடுநாள் எடுத்தால் அது குறையக்கூடும், குறைந்தாலும் பாதம் எரியும்.

சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு வலிக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. அவற்றில் பல சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரீகாபலின், டுலோக்செட்டின் போன்ற மருந்துகளை நரம்பு வலிக்குக் கொடுப்பார்கள். மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும்.

காலில் புண் இல்லை, நடக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு நடையைத் தொடங்குங்கள். வலி வரும்வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். வாரம் மூன்று நாளாவது, அரை மணி நேரம். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், அதற்குள் சலித்துவிடாதீர்கள். புகையிலைப் பழக்கம் எந்த வடிவில் இருந்தாலும் விட்டாக வேண்டும்.

ஒருநாள் எரிச்சல் தானாக அடங்கினால், குணமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். மரத்துப்போனதாலும் அடங்கும். அதனால் எரிந்தாலும் எரியாவிட்டாலும், இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலையும், விரலிடுக்குகளையும் பாருங்கள். செருப்பை உதறிவிட்டு அணியுங்கள். சின்னப் புண்ணானாலும் உடனே காட்டுங்கள். ஒரு கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.