கத்தி வயிற்றுக்கு, கேள்வி மனசுக்கா?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் நடக்கும் மனநலப் பரிசோதனை பற்றி பெங்களூரு வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

எனக்கு வயது 38, உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ. சர்க்கரையும் உண்டு. ஸ்லீவ் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் சைக்காலஜிஸ்ட்டைப் பார்த்து வரச் சொல்கிறார்கள். எனக்கென்ன பைத்தியமா? என்ன கேட்பார்கள், எப்படிச் சொன்னால் பாஸ் ஆகலாம்? – அல்சூர் வாசகி

பாஸ், ஃபெயில் என்ற நினைப்பை முதலில் இறக்கி வையுங்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மி.லி. கொள்ளும் ஒரு குழாய். நம் ஊர் காபி டம்ளர் அளவு. பசியைக் கிளப்பும் கிரெலின் ஹார்மோனும் குறையும். ஆனால் கோபம் வந்தால் முறுக்கு டப்பாவைத் தேடிப் போகும் கையை எந்த சர்ஜனும் தொடுவதில்லை. அந்தக் கையைப் பற்றித்தான் சைக்காலஜிஸ்ட் விசாரிப்பார்.

ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பேச்சு நடக்கும். எந்த வயதில் எடை ஏறியது, என்னென்ன டயட் இருந்தீர்கள், ஏன் விட்டீர்கள், தூக்கம் எப்படி, வீட்டில் நிலைமை என்ன என்று கேட்பார்கள். பிறகு சில கேள்வித்தாள்கள். மனச்சோர்வுக்குப் பரவலாகத் தருவது பி.எச்.க்யூ-9. கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். 10-ஐத் தொட்டாலே மேலும் விசாரிப்பார்கள். 9-வது கேள்வி சாகத் தோன்றும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதில் ஒரு மதிப்பெண் விழுந்தாலே தனியாக உட்கார்ந்து பேசுவார்கள்.

அடுத்தது, சாப்பிடும் விதம். குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறித் தின்று, நிறுத்த நினைத்தும் முடியாமல் போவது வாரம் ஒரு முறையாவது 3 மாதம் தொடர்ந்தால், அதற்குத் தனியாகச் சிகிச்சை தேவை. இதைவிட நம்மவர்களிடம் அதிகம் பார்ப்பது கொறிப்பது. ஆபரேஷனுக்குப் பின் ஒரே மூச்சில் ஆறு தோசை உள்ளே போகாது. ஆனால் அரை மணிக்கு ஒரு கை மிக்ஸர், சர்க்கரை போட்ட காபி, ஐஸ்கிரீம் எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இரண்டு, மூன்று வருடத்தில் எடை திரும்புவதற்கு இது ஒரு முக்கிய வழி.

போகும் முன் ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள்: நேரம், இடம், என்ன, எவ்வளவு, பசித்ததா, அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது. ‘இரவு 7.40. சில்க் போர்டு. ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றேன். இறங்கியதும் 3 மிளகாய் பஜ்ஜி, ஒரு காபி. பசி இல்லை. மேனேஜர் போனில் கத்தினார்.’ இந்த ஒரு வரி கேள்வித்தாளை விட அதிகம் சொல்லும். அழகாக்கி எழுதாதீர்கள்.

எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். ஸ்லீவில் பலருக்கு மொத்த எடையில் கால் பங்கு போலக் குறையும். 104 கிலோ என்றால் 78-ஐ ஒட்டி. பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு கொஞ்சம் ஏறும். தோல் தொங்கும். ‘தீபாவளிக்குள் 58’ என்று கணக்குப் போட்டிருந்தால் அதை அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

ஒன்று சொல்ல மறந்தோம். கன்னடமோ ஆங்கிலமோ தடுமாறினால் தமிழ் தெரிந்தவரைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மகளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ மொழிபெயர்க்க அழைத்துப் போனால், சொல்ல வேண்டியதில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். உங்களைப் பார்ப்பவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்றும் பாருங்கள்.

ஆபரேஷன் என் மனைவிக்கு. என்னை எதற்கு வரச் சொல்கிறார்கள்? – ஸ்ரீராமபுரம் வாசகர்

முதல் ஒன்றரை, இரண்டு மாதம் அவர் சாப்பாடு தெளிந்த நீர், கெட்டித் திரவம், மசித்தது, குழைந்தது என்று படிப்படியாகத்தான் ஏறும். அதே அடுப்பில் உங்களுக்கு யார் சமைப்பது? அவரேதான் வறுவலைத் தாளித்து வைத்துவிட்டுத் தான் மட்டும் கஞ்சித் தண்ணீர் குடிக்க வேண்டுமா? இதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

நம் வீடுகளில் ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று இலையில் தள்ளுவதுதான் பாசம். ஆபரேஷன் ஆனவருக்கு அந்த ஒன்று நெஞ்சை அடைக்கும், வாந்தியில் முடியும். கல்யாணப் பந்தியில் அத்தையைத் தடுப்பது உங்கள் வேலை. இப்போதே இருவரும் ஒரு ஒத்திகை பாருங்கள்: ஒரே ஒரு இட்லி, 20 நிமிடம், ஒவ்வொரு வாய்க்கும் 20 தடவைக்குக் குறையாமல் மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, முடித்து 30 நிமிடம் கழித்துத்தான். பத்தாவது நிமிடத்தில் எரிச்சல் வரும். அந்த எரிச்சல்தான் சைக்காலஜிஸ்ட் பேச விரும்பும் விஷயம்.

நான்கு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சொன்னால் ஆபரேஷனை நிறுத்திவிடுவார்களா? – ஒயிட்ஃபீல்டு வாசகர்

மாட்டார்கள். மருந்தில் கட்டுக்குள் இருக்கும் மனச்சோர்வு தடையே இல்லை. மறைப்பதில்தான் ஆபத்து. பைபாஸ் என்பது ஸ்லீவைப் போல இன்னொரு எடைக்குறைப்பு ஆபரேஷன்; அதில் குடலின் முதல் பகுதியை மருந்து தொடாமலே தாண்டிவிடும். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகள் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். சாதாரண மாத்திரைக்கு மாற்ற வேண்டியிருக்கும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் எடுப்பவர்களுக்கு நேர்மாறு: உணவும் நீரும் குறையும்போது ரத்தத்தில் அளவு ஏறி நஞ்சாகலாம், அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். ஒலான்சபின், மிர்டாசபின் போன்ற மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். மாற்று உண்டா என்று உங்கள் மனநல மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதல் ஆறு மாத உற்சாகம் வடிந்தபின் சோர்வு திரும்பி வருவதுண்டு. அந்த நேரத்துக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் இப்போதே போட்டு வையுங்கள். இடையில் தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் உண்டு.

இன்னொன்று. பல நாள் வாந்தியோடு குழப்பம், பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாட்டம் வந்தால் அதை ‘மனசு சரியில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கலாம். அன்றே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

சனிக்கிழமை மட்டும் நாலு பெக். அதையும் சொல்ல வேண்டுமா? – ஜாலஹள்ளி வாசகர்

கட்டாயம். பைபாஸுக்குப் பின் அதே பெக் வேகமாக ஏறும், அதிக உச்சிக்குப் போகும். ஸ்லீவிலும் இதைப் பார்க்கிறோம். குடிப்பழக்கம் முற்றும் ஆபத்து பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில்தான் தலைகாட்டும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் பாட்டிலுக்கு இடம் மாறுவதும் உண்டு. சிகரெட் இருந்தால் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்துங்கள். புகைத்தால் தையல் போட்ட இடத்தில் புண் வரலாம்.

‘மூன்று மாதம் பொறுங்கள்’ என்கிறார்கள். வேறு இடத்தில் சான்றிதழ் வாங்கிவிடலாமா? – எலெக்ட்ரானிக் சிட்டி வாசகி

வாங்கலாம், கிடைக்கவும் கிடைக்கும். பொறுக்கச் சொன்னதற்கான காரணம் மட்டும் உங்கள் கூடவே வரும். கட்டுக்குள் வராத மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு, அண்மையில் தற்கொலை முயற்சி, குடிக்கு அடிமையான நிலை, தின்றுவிட்டு வேண்டுமென்றே வாந்தி எடுப்பது – பெரும்பாலும் இவற்றுக்காகத்தான் தள்ளிப்போடுவார்கள். என்ன காரணம், எது சரியானால் ஒப்புதல் தருவீர்கள், மறுபடி எந்தத் தேதியில் பார்ப்பீர்கள் என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். இன்ஷூரன்ஸுக்கும் அது உதவும். 18 வயது நிரம்பி, பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண்) 40-ஐத் தொட்டிருக்க வேண்டும், அல்லது 35-உடன் கடுமையான துணை நோய் இருக்க வேண்டும். அத்தோடு மற்ற வழிகளில் முயன்று எடை குறையவில்லை என்பதையும் காட்டினால்தான் பொதுவாக இன்ஷூரன்ஸ் பணம் தரும். இந்த மூன்று மாத டயட், கவுன்சலிங் ரசீதுகள் அப்போது கைகொடுக்கும்.